எல்லையில் நிற்பவருக்கு ஐந்து கிலோ ஊர்: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து ஏ.பி.ஓ. பார்சல்

பட்டாளத்தில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து ஒரு பெட்டி அனுப்ப, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்றைக்கும் நம்பக்கூடிய வழி ஒன்றுதான். அஞ்சலகக் கவுண்டரில் ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சலகம்) முகவரிக்குப் பார்சல் போடுவது. சென்று சேருமா என்று கேட்டால், சேரும். அதில் இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண். வேகத்தில் சுமார். பெட்டி இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதில் பாதி வழிக்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் வழிதவறியோ கெட்டோ வீணாகும் பெட்டிகளுக்கு அஞ்சல் துறையைக் குறை சொல்வது சரியல்ல. அவற்றைக் கெடுப்பது இரண்டு: தப்பான முகவரி, பெட்டிக்குள் போன ஈரம். இரண்டும் நம் கையில் இருப்பவை என்பதால் இந்த மதிப்புரையில் அவற்றுக்கே அதிக இடம்.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றது எளிது. நம் நாட்டில் அஞ்சல் குறியீட்டு எண் முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1 முதல் 8 வரை தொடங்கும் எண்கள் நிலப்பகுதிகளுக்கு, தமிழ்நாட்டுக்கு 6. ஒன்பதில் தொடங்கும் எண் எந்த ஊரையும் குறிக்காது, அது ராணுவ அஞ்சலுக்கு உரியது. அதே ஆண்டு மார்ச் 1 அன்றுதான் ராணுவ அஞ்சல் சேவை தனிப் படைப்பிரிவாகவும் ஆனது. அதில் பணிபுரிபவர்களில் பெரும்பகுதியினர் அஞ்சல் துறையிலிருந்து டெபுடேஷனில் போய்ச் சீருடை போட்டவர்கள்.

தருமபுரி கவுண்டரில் நீங்கள் கொடுக்கும் பெட்டி, 56 ஏ.பி.ஓ. என்றால் டெல்லியில் உள்ள மத்திய ராணுவ அஞ்சலகத்துக்கும், 99 ஏ.பி.ஓ. என்றால் கொல்கத்தாவில் உள்ளதற்கும் போகும். அதுவரை சாதாரணத் தபாலோடு சேர்ந்தே பயணம். அங்கே ராணுவ அஞ்சல் கையில் வாங்கிக்கொள்ளும். பெட்டி போக வேண்டிய யூனிட் (படைப்பிரிவு) இன்றைக்கு எங்கே நிற்கிறது என்பது அவர்களுக்கு மட்டும் தெரியும். பிறகு கள அஞ்சலகம், அங்கிருந்து யூனிட்டின் டாக் (தபால்) எடுக்க வரும் ஆள், அவர் கையிலிருந்து கம்பெனிக்கு (யூனிட்டின் உட்பிரிவு), கம்பெனியிலிருந்து காவல் போஸ்ட்டுக்கு ரேஷன் வண்டியிலோ ஆள் தோளிலோ. யூனிட் ராஜஸ்தானிலிருந்து சிக்கிமுக்கு மாறினாலும் வீட்டார் ஊர் தேட வேண்டியதில்லை. பிள்ளை புது எண் சொன்னால் அதை மாற்றி எழுதினால் போதும். இந்த ஏற்பாட்டின் அழகே இதுதான்.

முகவரி

எழுத வேண்டியது இவ்வளவுதான்: படை எண், பதவி, பெயர், கம்பெனி அல்லது பேட்டரி (பீரங்கிப் படையில் கம்பெனி போன்ற பிரிவு), யூனிட், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ., ஒன்பதில் தொடங்கும் ஆறு இலக்க எண். இதற்கு மேல் ஓர் எழுத்தும் வேண்டாம்.

படை எண்ணின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து வரும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள், விடக் கூடாது. ஒரு மெட்ராஸ் ரெஜிமென்ட் பட்டாலியனில் எத்தனை முருகன், எத்தனை சக்திவேல், எத்தனை குமார் இருப்பார்கள் என்று யோசித்தால் காரணம் புரியும். பெயரும் ராணுவப் பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். இனிஷியல் அங்கே பின்னால் இருந்தால் நீங்களும் பின்னால் எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் உள்ளே வைக்கும் கடிதத்துக்கு.

முகவரியை ஆங்கிலத்தில் எழுதுங்கள். டெல்லியிலும் கொல்கத்தாவிலும் பிரிப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அனுப்புநர் முகவரி மட்டும் தமிழிலும் இருக்கலாம், ஏனென்றால் பெட்டி திரும்பினால் அதைப் படிக்க வேண்டியவர் நம் ஊர்த் தபால்காரர்.

அதிகம் நடக்கும் தவறு ஊர்ப் பெயர் சேர்ப்பது. ‘லே’ என்றோ ‘குப்வாரா’ என்றோ அக்கறையாகச் சேர்த்துவிடுகிறார்கள். ‘56 ஏ.பி.ஓ., நியூ டெல்லி’ என்றுகூட எழுதுகிறார்கள். ஊர் பெயர் இருந்தால் பெட்டி சிவில் தபாலில் அந்த ஊருக்குப் போய், அங்கே அப்படி ஒரு முகவரி இல்லை என்று சுற்றும். அதைவிடப் பெரிய காரணம் பாதுகாப்பு. ஒரு யூனிட் எங்கே இருக்கிறது என்பதைப் பெட்டி மேல் எழுதி ஊர் ஊராக அனுப்பக் கூடாது. கவுண்டரில் நிற்கும்போது வாயாலும் சொல்ல வேண்டாம், முகவரி தெரிகிற மாதிரி பெட்டியைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடவும் வேண்டாம்.

எல்லோருக்கும் ஏ.பி.ஓ. கிடையாது. விமானப்படையிலும் அசாம் ரைஃபிள்ஸிலும் இதே முறை உண்டு. கடற்படையில் கப்பலில் இருப்பவர் என்றால் கப்பல் பெயர் எழுதி, கேர் ஆஃப் ஃப்ளீட் மெயில் ஆபீஸ், பிறகு மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி இவற்றில் அவர் சொல்லும் ஊர். சி.ஆர்.பி.எஃப். போன்ற மத்தியக் காவல் படைகளில் பட்டாலியன் முகாமின் சாதாரண முகவரியே இருக்கும். பயிற்சியில் இருக்கும் புதுப் பையன்களுக்கும் அப்படித்தான். வெலிங்டனோ பெங்களூருவோ, பயிற்சி மையத்தின் ஊர்ப் பெயரும் அந்த ஊர் எண்ணும் எழுத வேண்டும். பயிற்சிக் காலத்தில் வெளித் தின்பண்டத்துக்குக் கட்டுப்பாடு இருக்கலாம், கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

கவுண்டரில்

கிருஷ்ணகிரி (635001), தருமபுரி (636701) தலைமை அஞ்சலகங்கள், ஓசூர், பிறகு அரூர், பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை போன்ற ஊர்களின் அஞ்சலகங்கள், எங்கே வேண்டுமானாலும் போடலாம். கிராமத்துக் கிளை அஞ்சலகத்தைவிட இவை நல்லது. தராசும் கணினியும் அங்கேயே இருக்கும், ரசீது கையோடு கிடைக்கும். காலையிலேயே போய்விடுங்கள், அன்றைய பை கட்டிய பிறகு வரும் பெட்டி மறுநாள்தான் நகரும்.

பெட்டியை முழுதாக ஒட்டிக்கொண்டு போக வேண்டாம். உள்ளே என்ன என்று கேட்டால் திறந்து காட்டும்படி மேல் மடிப்பை மட்டும் விட்டுவிட்டு, டேப்பும் கத்தரியும் கையில் எடுத்துப் போங்கள். விரைவுத் தபாலில் 35 கிலோ வரை வாங்குவார்கள். ஆனால் ஏ.பி.ஓ.வுக்கு 5 கிலோ என்பதே சரியான அளவு. கடைசிக் கட்டத்தில் அதை ஒரு மனிதர் மலை மேல் தூக்கிப் போக வேண்டியிருக்கலாம். பத்து கிலோ அனுப்ப ஆசை என்றால் இரண்டு பெட்டியாக, ஒரு மாத இடைவெளியில் அனுப்பலாம். இரண்டு முறை வீட்டு ஞாபகம் போய்ச் சேரும்.

கட்டணம் எடையையும் தூரத்தையும் பொறுத்தது, மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. பதிவுத் தபால் 2025-ல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால் “ரிஜிஸ்டர் பார்சலா, ஸ்பீடு போஸ்டா” என்ற பழைய குழப்பம் குறைந்திருக்கிறது. ரசீது வாங்கியதும் நகராமல் அங்கேயே நின்று ஒன்றைச் சரிபாருங்கள்: அச்சான பின்கோடு ஒன்பதில் தொடங்குகிறதா, ஆறு இலக்கமும் சரியா. அவசரத்தில் ஒரு இலக்கம் மாறினால் பெட்டி வேறு யூனிட்டுக்குப் போகும். கவுண்டரைத் தாண்டும் முன் சொன்னால் திருத்திவிடலாம், மறுநாள் சொன்னால் பெட்டி ஊரில் இருக்காது.

ரசீதில் 13 எழுத்துகொண்ட எண் இருக்கும்: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்து. அதை வைத்துப் பார்த்தால் டெல்லியிலோ கொல்கத்தாவிலோ ராணுவ அஞ்சலகத்தில் சேர்ந்தது வரை தெரியும். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். பெட்டி தொலைந்துவிட்டது என்று பதற வேண்டாம். அதற்குப் பிறகு நடக்கும் போக்குவரத்தை வெளியில் காட்டாமல் இருப்பது நியாயமே. ஆனாலும் கடைசியில் ‘சேர்ந்தது’ என்ற ஒரு வரியாவது எப்போதும் வந்தால் காத்திருக்கும் அம்மாக்களுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருக்கும். இந்தச் சேவையில் நாங்கள் குறையென்று சொல்வது இதைத்தான்.

தொலைந்தால் ஈடு என்று பெரிதாக எதிர்பார்க்க முடியாது. செலுத்திய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், எது குறைவோ அது. விலை உயர்ந்த பொருள் என்றால் கவுண்டரிலேயே காப்பீடு கேளுங்கள். அதைவிட நல்லது, விலை உயர்ந்த பொருளை அனுப்பாமல் இருப்பது.

தனியார் கூரியர் பற்றியும் கேட்கிறார்கள். சில கடைகளில் ஏ.பி.ஓ. முகவரியைப் பார்க்காமலே வாங்கிப் போட்டுவிடுவார்கள். படை முகாமின் கேட்டைத் தாண்டி உள்ளே கொண்டுபோகும் வழி அவர்களிடம் இல்லை, பத்து நாள் கழித்துப் பெட்டி உங்கள் வாசலுக்கே திரும்பும். லீவு முடிந்து போகிறவர் கையில் கொடுத்தனுப்புவது இன்னொரு வழி. வேகமானது, செலவில்லாதது. ஆனால் கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே கிடையாது. பெங்களூருவுக்கோ ஜோலார்பேட்டைக்கோ பஸ் ஏறி, அங்கிருந்து இரண்டு மூன்று நாள் ரயிலில், கறுப்பு டிரங்குப் பெட்டியும் படுக்கைக் கட்டுமாகப் போகிற மனிதர் அவர். அவர் தலையில் இன்னும் ஐந்து கிலோ ஏற்றும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரு கிலோ பொட்டலம் என்றால் சரி.

பெட்டிக்குள்

ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி வாங்குங்கள். மூன்றடுக்குப் பெட்டி டெல்லி போகும்போதே மூலை நசுங்கிவிடும். பழைய பெட்டி என்றால் மேலே உள்ள பழைய ஸ்டிக்கர், பார்கோடு எல்லாவற்றையும் கிழித்துவிட வேண்டும். இயந்திரம் அந்தப் பார்கோடைப் படித்தால் பெட்டி வேறு பக்கம் போகும். அடியிலும் மேலேயும் நடு இணைப்பில் நீளமாக ஒரு டேப், இரு விளிம்பிலும் குறுக்கே ஒவ்வொரு டேப். அதாவது ஆங்கில ‘எச்’ எழுத்து மாதிரி. நடுவில் மட்டும் ஒட்டினால் விளிம்பில் தண்ணீர் இறங்கும். மேலே பழைய முறைப்படி காடாத் துணி தைத்து அனுப்புவது இன்னும் நல்லது. துணியில் அழியாத மார்க்கரில் எழுதுங்கள், மைப் பேனா எழுத்து மழையில் கரையும். இதே முகவரியை ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். வெளி முகவரி கிழிந்தாலும் பெட்டி அநாதையாகாது.

உள்ளே வைப்பதில் ஒரே விதிதான்: ஈரம் கூடாது, எண்ணெய் வழியக் கூடாது, உடைந்தாலும் தின்னக் கூடியதாக இருக்க வேண்டும்.

நம் பக்கத்துப் பலகாரங்களில் முதலிடம் பொரிவிளங்காய் உருண்டைக்கு. பயணத்துக்கென்றே பிறந்த பண்டம் அது. வறுத்த அரிசி, பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, நிலக்கடலை, சுக்கு, ஏலம் எல்லாம் சேர்ந்த மாவு ஒரு கிலோவுக்கு முக்கால் கிலோ வெல்லம். பாகு கெட்டிப் பதம் வர வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்க வேண்டும். பதம் இளகி இருந்தால் பத்தாம் நாள் உருண்டையின் நடுவில் பூஞ்சை வரும், வெளியே தெரியாது. பாகு ஊற்றிய சூட்டிலேயே பிடித்து, எலுமிச்சை அளவில் ஒன்று 25 கிராம் என்று செய்தால் ஒன்றரைக் கிலோவுக்கு 60 உருண்டை. எண்ணிக்கை முக்கியம். ஒரு செக்‌ஷனில் பத்துப் பேர் இருப்பார்கள். பெட்டி யார் பேருக்கு வந்தாலும் திறந்த இடத்தில் எல்லோருக்கும்தான். பெரிய உருண்டையாக இருபது அனுப்புவதைவிடச் சின்னதாக அறுபது அனுப்புவது மரியாதை.

அடுத்து நிப்பட்டு (தட்டை). கடலை போட்ட கெட்டி நிப்பட்டு மூன்று வாரம் தாங்கும். புதிதாகப் பிரித்த எண்ணெயில் சுட வேண்டும். பழைய எண்ணெயில் சுட்டது இரண்டு வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும். தேங்காய்ப்பால் விட்ட முறுக்கும் அப்படித்தான், வேண்டாம். சுட்டதை மூன்று நான்கு மணி நேரம் முழுதாக ஆறவிட்டே உறையில் போடுங்கள். வெதுவெதுப்போடு மூடினால் உள்ளே வேர்த்து நமத்துவிடும். உடையாமல் இருக்க உறைகளைச் சுற்றிப் பொரி பாக்கெட்டுகளை அடைத்து வையுங்கள். செய்தித்தாளைக் கசக்கி வைப்பதற்குப் பதில் பொரி வைத்தால் அதுவும் சாயங்காலத் தீனி ஆகும்.

கேழ்வரகு மாவு அனுப்பலாமா என்று நம் ஊரில் கட்டாயம் கேட்பார்கள். களி இல்லாமல் வளர்ந்த பிள்ளை கிடையாதே. அவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. லடாக் மாதிரி 3,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். இன்னும் மேலே போனால் அதற்கும் கீழே. எவ்வளவு நேரம் கொதித்தாலும் அந்தச் சூட்டுக்கு மேல் ஏறாது. களி வேக அதிக நேரம் பிடிக்கும், சாமையும் குதிரைவாலியும் குக்கர் இல்லாமல் விறைத்தே நிற்கும். அங்கே கைகொடுப்பது அவல். வறுத்த அவலோடு கடலை, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, ஆறவைத்து, உப்பும் புளியோதரைப் பொடியும் கலந்து 100 கிராம் உறைகளாகக் கட்டிவிடுங்கள். வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடினால் சாப்பாடு. முளைகட்டி வறுத்து அரைத்த கேழ்வரகு மாவும், வெல்லத்தூளும் சேர்த்தது கஞ்சிக்கு ஆகும்.

உயரத்தில் பசி மந்தமாகிவிடும். லங்கரில் (படைச் சமையற்கூடம்) சுடச்சுட ரொட்டியும் பருப்பும் இருந்தாலும் இறங்காது. அப்போது நாக்கு தேடுவது புளிப்பும் காரமும். நம் பக்கத்துப் புளிக்கு இங்கே வேலை வருகிறது. புளிக்காய்ச்சலாக அனுப்பினால் எண்ணெய் கசிந்து பெட்டி முழுவதையும் கெடுக்கும், அதனால் பொடியாக. பருப்புப் பொடி, பூண்டுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி எதுவாகிலும் ரொட்டியோடும் போகும், சோற்றோடும் போகும். மாங்காய் ஊறுகாய் அனுப்பியே தீர வேண்டும் என்பவர்களுக்கு: எண்ணெயில் ஊறியது வேண்டாம், உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வெயிலில் சுருங்கக் காய்ந்த துண்டுகளாக அனுப்புங்கள். கண்ணாடிப் புட்டி வேண்டவே வேண்டாம். கிருஷ்ணகிரி மாம்பழத்தை அனுப்ப ஆசைப்படாதவர் கிடையாது, பழமாகப் போகாது. கூழை வெயிலில் அடுக்கடுக்காகக் காயவைத்த மாம்பழ அடை போகும். சித்திரை, வைகாசி வெயிலில் செய்து வைத்தால் ஐப்பசி வரைக்கும் ஆகும்.

ராஜஸ்தான் பக்கம் கோடையில் அனுப்புவதாக இருந்தால் சாக்லேட், இளம்பாகு மிட்டாய் இரண்டும் உருகிவிடும். அங்கே பொரிவிளங்காயும் பொடிகளும் போதும்.

ஐந்து கிலோ பெட்டிக்கு ஒரு கணக்கு: உருண்டை ஒன்றரைக் கிலோ, அவல் கலவை ஒரு கிலோ, நிப்பட்டு 750 கிராம், பருப்புப் பொடி 400, புளியோதரைப் பொடி 300, இரண்டு தமிழ் வார இதழ் 300, கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி 200, பெட்டியும் டேப்பும் அரைக் கிலோ. மொத்தம் ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இதழ்களை விட்டுவிடாதீர்கள். தமிழ் அச்சு கண்ணில் படாத இடத்தில் ஒரு ராசிபலன் பக்கம்கூட நாலு பேர் கை மாறும்.

எழுதுபொருள் வைப்பதானால் பென்சில் வையுங்கள், கடுங்குளிரில் பேனா மை உறையும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும். திரவம் என்பதால் எப்படியும் அனுப்ப முடியாது. பதிலுக்கு உதட்டுக்கும் வெடித்த தோலுக்கும் சின்ன டப்பா வாஸ்லின்.

அனுப்பவே கூடாதவை: தீப்பெட்டி, லைட்டர், வாசனை ஸ்ப்ரே, பவர் பேங்க், தனி பேட்டரி, மது, பட்டாசு, எண்ணெய், நெய். கொப்பரையும் கூடாது என்றால் பலர் நம்புவதில்லை. எண்ணெய்ப்பசை உள்ள கொப்பரை அடைத்து வைத்தால் தானே சூடேறும் தன்மை கொண்டது, விமானச் சரக்கில் அபாயப் பொருள் பட்டியலில் இருக்கிறது. ஏ.பி.ஓ. பெட்டி எந்தக் கட்டத்தில் விமானம் ஏறும் என்று நமக்குத் தெரியாது. இதில் ஒன்று உள்ளே இருந்தால் மொத்தப் பெட்டியும் நிறுத்தப்படும். மருந்து மாத்திரையும் வேண்டாம், அங்கே மருத்துவர் இருக்கிறார்.

எப்போது அனுப்புவது

சாதாரண நாளில் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பனிக்காலத்தில் நான்கு. காஷ்மீரிலிருந்து லடாக்குக்குப் போகும் சாலை ஜோஜி லா கணவாயைத் தாண்டிப் போகிறது, பனி மூடினால் அது நிற்கும். பிறகு எல்லாம் விமானத்தில். விமானத்தில் முதலில் போவது ஆளும் மருந்தும், பார்சல் காத்திருக்கும். சிக்கிம், அருணாச்சலம் பக்கம் மழைக்காலத்தில் மண்சரிவு. ஆகவே தீபாவளிக்குப் புரட்டாசி நடுவிலேயே, பொங்கலுக்குக் கார்த்திகைக் கடைசியில் போட்டுவிட வேண்டும். பொங்கலை ஒட்டி ஜனவரி 15 ராணுவ தினமும் வருவதால், அந்தப் பெட்டி சரியாகப் போய்ச் சேர்ந்தால் இரட்டை விசேஷம். ஆடிப்பெருக்குக்கு அனுப்புபவர் குறைவு. கூட்டம் இல்லாத அந்த நேரத்தில் அனுப்புவது புத்திசாலித்தனம்.

கட்சி வேண்டாம்

பண்டிகைக்கு முன் ஊர் இளைஞர் மன்றம், மகளிர் குழு, முன்னாள் படைவீரர் சங்கம் எல்லாம் சேர்ந்து மொத்தமாகப் பெட்டி அனுப்புவது நல்ல வழக்கம். ஒரு தெருவில் நாலு கட்சிக் கொடிக்கம்பம் இருக்கும். பலகாரம் நாலு வீட்டிலிருந்தும் வரட்டும். அக்னிபத் திட்டம் 2022-ல் வந்ததிலிருந்து அதை ஆதரித்தும் எதிர்த்தும் நம் டீக்கடைகளில் பேசாத நாள் இல்லை. பேசலாம், பேச வேண்டியதும்தான். ஆனால் அந்தத் திட்டத்தில் சேர்ந்து பனியில் நிற்கும் பையனுக்கு ஆண்டுக்கு முப்பது நாள்தான் லீவு. பழைய முறையில் சேர்ந்த ஜவானுக்கு அறுபது நாளும் தனியாக முப்பது நாளும். அதிகம் வீட்டுக்கு வர முடியாதவருக்குத்தான் பெட்டி அதிகம் தேவை. அந்தத் திட்டத்தைக் கடுமையாக எதிர்ப்பவரும் இதை மறுக்க மாட்டார்.

பெட்டிக்குள் கட்சி நாட்காட்டி, தலைவர் படம், துண்டறிக்கை, கொடி எதுவும் வேண்டாம் என்பது நாகரிகத்துக்காக மட்டும் சொல்வதல்ல. 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் 20-ஆவது விதி, பணியில் இருப்பவர் கட்சிக் கூட்டத்தில் கலந்துகொள்வதையும் கட்சியில் சேர்வதையும் அதற்குப் பணம் கொடுப்பதையும் தடுக்கிறது. தலைவர் படம் போட்ட பை ஒன்று அவர் கட்டில் மேல் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், அனுப்பியவர் அல்ல. மறுபக்கமும் உண்டு. படைவீரர் படத்தைக் கட்சிப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2013 டிசம்பரில் அறிவுறுத்தி, 2019 மார்ச்சில் திரும்பவும் வலியுறுத்தியது. அதனால் பெட்டி கட்டும் நிகழ்ச்சிக்கு ஃப்ளெக்ஸ் அடிப்பதானால் எந்தத் தலைவர் படமும் வேண்டாம், எந்த ஜவான் படமும் வேண்டாம். ஊர் பெயர் போதும்.

கடிதத்திலும் அப்படித்தான். எந்தக் கட்சி ஜெயித்தது என்பதைவிட ஏரி நிறைந்ததா, மாமரம் பூ வைத்ததா, தக்காளி கிலோ என்ன விலை, தங்கை எந்த காலேஜ் என்று எழுதுங்கள். வீட்டுச் சண்டையும் நிலத் தகராறும் அவர் லீவில் வரும்போது பேசலாம். அங்கிருந்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது, தூக்கம் மட்டும் போகும்.

சொந்தத்தில் யாரும் பட்டாளத்தில் இல்லாதவர்கள், யாருக்கு என்று தெரியாமல் ‘ஒரு ராணுவ வீரருக்கு’ என்று எழுதிப் பெட்டி போட முடியாது. பெயரும் எண்ணும் இல்லாத பார்சலை யூனிட் வாங்காது, வாங்கவும் கூடாது. இரு மாவட்டத்திலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். அந்த நிதிக்கு அங்கே பணம் கொடுத்து ரசீது வாங்கலாம், பழைய வருமான வரி முறையில் இருப்பவருக்கு நன்கொடைக்கான விலக்கும் உண்டு. மத்தியக் காவல் படைகளில் உயிர் நீத்தவர் குடும்பங்களுக்கு நேரடியாகக் கொடுக்க, உள்துறையின் ‘பாரத் கே வீர்’ தளம் 2017 முதல் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் சேர்ந்ததும் அந்தக் கணக்கு நிற்கும், அதற்கு மேல் கொடுக்க நினைப்பவர் அதை வேறு குடும்பத்துக்குத் திருப்பலாம்.

பெட்டி ஒரு மாதமாகியும் சேரவில்லை என்றால் முதலில் பெட்டி பெற வேண்டியவரையே யூனிட் டாக் ஆளிடம் கேட்கச் சொல்லுங்கள். அவர் ரோந்திலோ லீவிலோ இருந்து பெட்டி கம்பெனி ஸ்டோரில் தூங்குவது உண்டு. அங்கேயும் இல்லை என்றால் 13 எழுத்து எண்ணோடு அஞ்சல் துறையின் 1800 266 6868 எண்ணில் புகார் பதியுங்கள், பதிவு செய்த அஞ்சலகத்திலும் எழுதிக் கொடுங்கள். ரசீதை அதுவரை தூக்கிப் போடாதீர்கள். வெப்பத்தாளில் அச்சானது சில மாதத்தில் மங்கிவிடும், வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள்.

பெட்டி சேர்ந்துவிட்டால் அடுத்ததைக் கட்டும் முன் அவரிடம் மூன்று கேள்வி: எது உடைந்தது, எது நமத்தது, எது முதல் நாளே காலியானது? முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதை இரட்டிப்பாக்குங்கள்.